எழினி முதல் கணிப்பொறி வரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறவில்லை. அவள் ஆடிய அரங்கின் இலக்கணத்தையும் கூறுகிறது. அரங்கின் நீளம், அகலம், உயரம், வாயில்கள் ஆகியவற்றை அளவோடு சொல்லும் அக்காதை, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைய வேண்டும் என்பதையும் மறவாமல் குறிக்கிறது. திரைச்சீலைகளும் அங்கே மூவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒருபுறத்திலிருந்து மறுபுறம் நோக்கி இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறத்திலிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழிறங்குவது கரந்துவரல் எழினி. இன்று நேரலை ஒளிபரப்பில் காட்சிகளை மாற்றித் தரும் கருவிகளில், ஒரு காட்சியை அழித்து மறு காட்சியைக் கொணரும் முறைகளிடையே இவற்றை ஒத்த அசைவுகளைக் காணலாம்.

இதனைக் கொண்டு பழந்தமிழர் தொலைக்காட்சியை அறிந்திருந்தனர் என்று துணிவது ஆய்வுக்கு அழகன்று. ஆனால் அவையோருக்கு எதனை எப்போது காட்டுவது, எதனை மறைப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு கடப்பது என்னும் சிக்கல் அரங்கக் கலை தோன்றிய நாள்தொட்டே உள்ளது. மின்னணுக் காலத்தில் அச்சிக்கல் புதிய வடிவம் கொண்டது. ஒரு நிகழ்ச்சியைப் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. வீட்டிலிருப்பவருக்கோ ஒரே திரைதான் உண்டு. எந்தக் கேமராவின் கண் அவர் கண்ணாவது என்பதை யாரோ ஒருவர் நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். திரைப்படத்தில் படத்தொகுப்பாளர் ஒரு வெட்டினை நாள்கணக்கில் எண்ணிப் பார்க்கலாம்; பிடிக்கவில்லையெனில் மாற்றலாம். நேரலையில் அவ்வாறு திருத்த வழியில்லை.

லண்டனில் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பை 1936 நவம்பர் 2ஆம் நாள் தொடங்கியது. ஆறு மாதங்களே கழிந்த நிலையில், 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை அது ஒளிபரப்பியது. தேவாலயத்தின் உள்ளே தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு இடமில்லை. ஊர்வலம் திரும்பி வரும் வழியில், ஹைடு பூங்கா முனையில் மூன்று கேமராக்கள் நிறுத்தப்பட்டன. அருகே நின்ற ஒரு வண்டிக்குள் அம்மூன்றின் காட்சிகளும் வந்து சேர, அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டுக் கம்பி வழியே ஒளிபரப்பு நிலையத்திற்கு அனுப்பப்பட்டது. கோவில் திருவிழாவானாலும் மட்டைப்பந்துப் போட்டியானாலும் இன்று களத்தருகே வந்து நிற்கும் ஒளிபரப்பு வண்டிகளின் முன்னோடி அந்த வண்டியே எனலாம்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1953 ஜூன் 2இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது கேமராக்கள் தேவாலயத்தினுள் நுழைந்தன. பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தனர். அவ்விழாவின் நடுநாயகமான சடங்கு அரசிக்குத் திருத்தைலம் பூசுதலாகும். அது மட்டும் காட்டப்படவில்லை. அரசியின் மேல் விதானம் பிடிக்கப்பட, ஒளிபரப்பு வேறு காட்சிக்கு மாறிற்று. ஆக, பல கேமராக்களிடையே மாறும் வசதி காட்டுவதற்கு மட்டுமின்றிக் காட்டாதிருப்பதற்கும் கருவியாயிற்று. ஒரே கேமரா இருந்திருப்பின் அது திரும்பிக்கொண்டது பார்ப்போர்க்கு வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். வேறொரு கேமரா இருந்ததனால் மறைப்பும் ஒரு காட்சியாகவே தோன்றியது.

தாளம் பிசகினால்

இரு கேமராக்களிடையே மாறுதல் மின்விளக்கின் விசையைத் தட்டுவது போன்ற எளிய செயலன்று. பழைய தொலைக்காட்சிப் படம் கோடு கோடாக வரையப்பட்டது. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு படத்திற்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒரு கேமரா முந்நூறாம் கோட்டில் இருக்கும்போது மற்றொன்று பத்தாம் கோட்டில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய கணத்தில் வீட்டுத் திரையில் படம் உருளும். கிழிந்தது போல் குலையும். ஆகவே எல்லாக் கேமராக்களும் ஒரே கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு ஒரே கோட்டில் ஒருங்கே நடக்குமாறு செய்யப்பட்டன. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன் உள்ள நுண்ணிய இடைவெளியில் மாற்றம் நிகழ்த்தப்பட்டது. நட்டுவனாரின் தாளத்திற்குப் பல ஆடுநர் ஒருசேர அடி வைப்பதைப் போன்றது இது. தாளம் தவறிய ஒருவர் அரங்கில் ஏறினால் ஆட்டமே குலையும்.

கலத்தல் இன்னும் நுட்பமானது. ஒரு காட்சி மெல்ல மங்க, அதன் மேலேயே மற்றொன்று மெல்ல எழ வேண்டும். முதற்காட்சியின் ஒளியளவு முழுமையிலிருந்து முக்கால், அரை, கால் எனக் குறையும் அதே வேளையில் அடுத்ததன் அளவு கால், அரை, முக்கால் என ஏற வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்றே. ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிடியைப் போன்ற ஒரு நெம்புகோலால் இதனைச் செய்தனர். அந்நெம்புகோலைப் பிடித்த கையின் வேகம் ஒரு நிகழ்ச்சியின் நடையையே நிர்ணயித்தது.

காட்சி மாற்றத்தின் வரலாற்றில் தனித்து நிற்கும் நாள் ஒன்றுண்டு. 1969 ஜூலை 21, இந்திய நேரப்படி காலை 8.26 மணிக்கு ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். நிலவிலிருந்து வந்த கேமராக் காட்சி ஒன்றுதான். ஆனால் அதனை அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் ஆகிய மூன்று நிலையங்கள் தனித்தனியே பெற்றன. உலகுக்கு எதனை அனுப்புவது என்பதை ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் தேர்ந்தது. முதலில் கோல்ட்ஸ்டோன் காட்சி எடுத்துக்கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் அது தலைகீழாகத் தெரிந்தது, பிறகு நிமிர்ந்தும் இருளும் ஒளியும் மிகையாக முரண்பட்டு நின்றது. முதலடி வைத்த கணத்தில் உலகம் பார்த்தது ஹனிசக்கிள் கிரீக் அளித்த படத்தை. ஒளிபரப்பு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் அதனினும் தெளிவான பார்க்ஸ் நிலையத்தின் படத்திற்கு மாறினர். எஞ்சிய நேரம் முழுவதும் அதுவே நீடித்தது. தமிழ்நாட்டில் அன்று தொலைக்காட்சி நிலையமே கிடையாது. இந்நிலத்து மக்கள் நிலவுப் பயணத்தை வானொலியில் கேட்டும் மறுநாள் நாளிதழில் பார்த்தும் அறிந்தனர்.

அந்த மூல ஒளிநாடாக்களின் பிற்கால நிலை ஏட்டுச்சுவடி ஆய்வாளர்க்குப் புதிதன்று. ஒளிபரப்பிற்கெனத் தரம் குறைத்து மாற்றப்படுவதற்கு முன்பிருந்த தெளிவான மூலப் பதிவுகளை நாசா நெடுங்காலம் தேடியது. நாடாத் தட்டுப்பாட்டால் அவை பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. எஞ்சியிருப்பது அன்று ஒளிபரப்பானது மட்டுமே.

இந்தியத் திரையில்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தோன்றியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. வண்ணம் 1982இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளே பல கேமரா நேரலையை இந்திய வீடுகளுக்குப் பழக்கமாக்கின. தூர்தர்ஷன் நிலையங்களில் 'விஷன் மிக்சர்' எனும் பதவியே தனியாக உண்டு. தயாரிப்பாளரின் சொல்லுக்கேற்ப விசைகளைத் தட்டிக் காட்சியை மாற்றுபவர் அவர். நிகழ்ச்சியின் இறுதியில் ஓடும் பெயர்களைப் படிப்பவர் அரியர். படித்தாலும் விஷன் மிக்சர் என்பவர் என்ன செய்தார் என்பது பலருக்கு விளங்கியிருக்காது. நல்ல காட்சி மாற்றம் பார்ப்பவர்க்குத் தெரியாது என்பதே அத்தொழிலின் இயல்பு.

இக்காலம் வரை இவ்வாற்றல் தலைநகரங்களுக்கும் அரசுக்கும் உரியதாக இருந்தது. காட்சி மாற்றுக் கருவி ஒன்றின் விலை சிற்றூர்ப் படப்பிடிப்பாளர் நினைத்தும் பார்க்க இயலாதது. அதனை இடம்பெயர்த்தது கணிப்பொறியாகும்.

கணிப்பொறி இத்துறையில் நுழைந்த வழி நினைவகம். 1970களில், வந்துகொண்டிருக்கும் படத்தை எண்களாக மாற்றி, ஒரு முழுப் படத்தை நினைவில் நிறுத்தி, நிலையத்தின் தாளத்திற்கேற்ப மீண்டும் வெளியிடும் கருவிகள் தோன்றின. தாளம் தவறிவரும் கேமராவையும் வாயிலிலேயே நிறுத்தி, அடி எடுக்கும் தருணம் பார்த்து உள்ளே விடலாம் என்றாயிற்று. மறுபுறம், கணிப்பொறி ஓவியத்தில் ஈடுபட்டோர் கலத்தலுக்குக் கணித இலக்கணம் வகுத்தனர். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்க, அப்புள்ளி எவ்வளவு ஊடுருவிக் காட்டும் என்பதற்கு நான்காவதாக ஓர் எண்ணை 1970களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் சேர்த்தனர். அதற்கு ஆல்பா எனப் பெயரிட்டனர். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வெளியிட்ட கட்டுரை, ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைக்கும் வகைகளையெல்லாம் முறைப்படுத்தியது. திரையின் கீழே ஓடும் எழுத்து, மூலையில் நிற்கும் நிலையச் சின்னம், பேசுபவர்க்குப் பின்னே விரியும் போலிப் பின்னணி ஆகிய யாவும் அந்த நான்காம் எண்ணின் பிள்ளைகளே.

1990 டிசம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் இயங்கிய நியூடெக் எனும் சிறு நிறுவனம் 'வீடியோ டோஸ்டர்' என்ற கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. டிம் ஜெனிசன் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறியினுள் செருகத்தக்க ஓர் அட்டையும் அதற்கான நிரல்களும் சேர்ந்ததே டோஸ்டர். நான்கு காட்சி உள்ளீடுகளிடையே மாறவும், கலக்கவும், எழுத்துப் பொறிக்கவும் அதனால் இயன்றது. பெருங்கருவிகளுக்குப் பல்லாயிரம் டாலர் கொடுத்த காலத்தில் இதன் விலை சில ஆயிரம் டாலருக்குள் அடங்கியது. உள்ளூர்த் தேவாலயமும் பள்ளியும் தமக்கென ஒளிபரப்பு அரங்கு வைத்துக்கொள்ள அமெரிக்காவில் இது வழி திறந்தது.

தமிழ்நாட்டிற்கு அது வரவில்லை எனலாம். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறைக்கென்றே அது வடிக்கப்பட்டிருந்தது. பால் முறைக் கேமராக்களோடு நேராகப் பொருந்தாது. ஒளிபரப்பு முறை வேறுபட்டதால் ஒரு தொழில்நுட்பம் கடலுக்கு அப்பாலேயே நின்றது. இங்கே திருமணப் படப்பிடிப்பாளரிடம் வந்தவை பானாசோனிக் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் மேசைமேல் வைக்கும் மிக்சர்கள். அவற்றின் உள்ளேயும் படத்தை நினைவில் நிறுத்தும் மின்னணுப் பகுதி இருந்தது. கணிப்பொறி என்று யாரும் அதனை அழைக்கவில்லை. 'மிக்சிங்' என்ற சொல் மாவட்டத் தலைநகர்களின் கடைப்பலகைகளில் ஏறியது அக்காலத்தில்தான். மணமக்கள் இதய வடிவத்துக்குள் தோன்றி, பூவாக விரிந்து, சுழன்று மறைந்ததும் அக்கருவிகளின் அருளே. அவ்வணிகளை இன்று நகைப்போர் உளர். புதுக் கருவி கைக்கு வந்தவுடன் எல்லா விசைகளையும் தட்டிப் பார்ப்பது எந்தக் கலைக்கும் உரிய இளமைப் பருவமாகும்.

மடிக்கணினியில் ஒரு நிலையம்

அடுத்த பெயர்ச்சி அட்டையும் வேண்டாத மென்பொருளால் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் உருவான விமிக்ஸ் கட்டண மென்பொருள். ஹியூ பெய்லி என்ற நிரலாளர் 2012இல் வெளியிட்ட ஓ.பி.எஸ். இலவசமானது, மூல நிரலும் எவரும் காணத்தக்கது. கணிப்பொறி விளையாட்டைப் பிறர் காண ஒளிபரப்புவதற்கென எழுதப்பட்ட நிரல் பத்தாண்டுக்குள் ஊர்த் திருவிழாக்களையும் கவியரங்குகளையும் சுமந்தது விந்தையே. 2015இல் நியூடெக் அறிவித்த என்.டி.ஐ. முறை, தனிக் காட்சிக் கம்பி இல்லாமல் சாதாரண கணிப்பொறி வலையமைப்பின் வழியே கேமராக் காட்சிகளைக் கொண்டுவரச் செய்தது.

இம்மென்பொருள்களின் முகப்பில் இரு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் இப்போது வெளியே செல்லும் காட்சி; மற்றொன்றில் அடுத்து அனுப்பக் கருதிய காட்சி. கீழே எல்லாக் கேமராக்களும் சிறு சிறு சாளரங்களாக நிற்கும். திரைக்குப் பின்னே நிகழும் கணக்கோ பெரிது. முழு உயர்தெளிவுப் படமொன்றில் 1920க்கு 1080 என 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள், புள்ளிக்கு மூன்று எண்கள் எனின் ஒரு கேமராவிற்கு நொடிக்கு 15 கோடியே 55 இலட்சம் எண்கள். நான்கு கேமராக்களுக்கு 62 கோடி. கலக்கும் பொழுதில் ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இவ்வேலையைக் கணிப்பொறியின் மையச் செயலகம் தனியே தாங்காது. விளையாட்டுப் படங்களை வரைவதற்கென உருவான வரைகலைச் செயலகமே தாங்குகிறது. வாயிலும் அகலமாக வேண்டியிருந்தது. சுருக்கப்படாத உயர்தெளிவுக் காட்சி தொழில்முறைக் கம்பியில் நொடிக்கு 1485 மெகாபிட் அளவில் பாய, பழைய யு.எஸ்.பி. 2.0 துளையின் கொள்ளளவு 480 மட்டுமே. 2008இல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 3.0 தான் அதற்கு வழிவிட்டது.

தாளச் சிக்கல் முற்றும் தீரவில்லை, வேறிடம் சென்றது. படம் கணிப்பொறிக்குள் நுழைந்து வெளிவர நொடியின் சிறு பகுதி ஆகிறது. ஒலி அவ்வளவு தாமதிப்பதில்லை. சரிசெய்யாது விட்டால், கெட்டிமேளம் முழங்கிய பின்னரே திரையில் தாலி ஏறும். ஆகவே ஒலியையும் அளந்து தாமதப்படுத்தும் வசதி இம்மென்பொருள்களில் தனியே வைக்கப்பட்டுள்ளது.

'மீன்காரத் தெரு' நாவலை எழுதிய கீரனூர் ஜாகிர்ராஜாவின் வழியே இலக்கிய வாசகர் அறிந்த ஊர், பழனி வட்டத்துக் கீரனூர். கணிப்பொறி வழிக் காட்சிக் கலப்பு இத்தகைய ஊர்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமாக இறங்கிற்று என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாத் தொற்றால் திருமணங்களுக்கு 50 பேர் என்ற வரம்பு வந்தபோது, மண்டபத்து மூலையில் மடிக்கணினியோடு அமர்ந்தவரே எஞ்சிய உற்றார் அனைவருக்கும் வாயிலானார். சிங்கப்பூரிலிருந்து வர இயலாத தாய்மாமன் பார்த்தது அவர் காட்டியதை மட்டுமே. மாலை மாற்றும்போது மணமக்களின் முகத்தைக் காட்டுவதா, கண் கலங்கி நிற்கும் தாயைக் காட்டுவதா என்பதை உறவு முறையே அறியாத ஒருவர் தீர்மானித்தார். முன்வரிசையில் நிற்கும் பெரியப்பா திரையில் வரவில்லையெனில் அது பிற்பாடு குடும்ப வழக்காகும் என்பதைத் தொழில் பழகியவர்கள் மட்டும் அறிவர்.

அவ்வாண்டு சித்திரைத் திருவிழா கைவிடப்பட்டது. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் 2020 மே 4 அன்று பக்தர் இன்றி நடந்தேறி, இணையத்திலும் தொலைக்காட்சியிலும் நேரலையாக வந்தது. அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஏறும் வேளையில் தாமும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளுதல் மதுரை, திண்டுக்கல் பகுதிப் பெண்களின் வழக்கம். அன்று அவர்கள் அதனை வீட்டில் திரையைப் பார்த்தபடி செய்தனர். இணைய ஒளிபரப்பு தொலைக்காட்சியை விடச் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை பிந்தி வருவது இயல்பு. ஒரே தெருவில் தொலைக்காட்சி பார்த்த வீட்டின் சுப வேளையும் கைபேசி பார்த்த வீட்டின் சுப வேளையும் வேறுபட்டிருக்கும். அந்தக் கணத்தில் காட்சி மாற்றுபவர் கோபுரத்தையோ மாலையையோ காட்டிக்கொண்டிருந்திருப்பாராயின், பல்லாயிரம் கைகள் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்திருக்கும். நேரலை என்பது வேடிக்கை என்ற நிலை கடந்து சடங்கின் உறுப்பாகவே ஆன நாள் அது.

பழனி மலைக்கோவிலில் 16 ஆண்டுகளுக்குப் பின் 2023 ஜனவரி 27ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. மலைமேல் இடம் குறுகியது. ஏற இசைவு பெற்றோர் சிலரே. கீழே நின்றோர்க்கு எல்.இ.டி. திரைகள், வீட்டிலிருந்தோர்க்குத் தொலைக்காட்சி. இராசகோபுரம், தங்க விமானம் எனப் பல இடங்களில் நிகழ்வதை ஒரு பக்தர் மலையில் நின்றாலும் ஒருசேரக் காண இயலாது. திரையில் பார்த்தவர் கலசத்தின் அருகிலும் நின்றார், வானிலிருந்தும் பார்த்தார். அவர் காணாதது ஒன்றே: தாம் விரும்பிய திசை. தரையில் நிற்பவர் கோபுரத்தை விடுத்துப் பக்கத்தில் கைகூப்பி அழும் முதியவளைத் திரும்பிப் பார்க்கலாம். திரையின்முன் இருப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை.

எழாத பாடபேதம்

தமிழ் ஆய்வாளர் இங்கே கவலை கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டார். ஒரு பாடத்தை மூலமாகக் கொண்டாலும் ஏனையவற்றைப் பிரதிபேதமாகக் குறித்தார். அதனால் அவர் தேர்வை ஏற்காதவரும் மறுபாடத்தைக் கொண்டு வாதிட முடிகிறது. நேரலைத் தொகுப்பு பாடபேதம் இல்லாத பதிப்பாகும். ஐந்து கேமராக்கள் பார்த்ததில் வெளியே சென்ற ஒன்றே பதிவாகிறது. மற்ற நான்கு பார்த்தவை, தனியே பதிவு செய்யப்படாவிடில், பார்க்கப்படாதவையாகவே ஆகின்றன. நூறாண்டு கழித்து 2023இன் பழனி விழாவை எழுதுவோர் அந்த ஒற்றைப் பாடத்தையே மூலமாகக் கொள்ள நேரும். கோபுரமும் தலைவர்களும் அதில் இருப்பர். அன்னதானக் கூடத்தில் இலை எடுத்தவரும் படிக்கட்டில் துப்புரவு செய்தவரும் எந்தக் கேமராவிலேனும் பட்டிருந்தாலும் அப்பாடத்தில் இடம்பெற்றிருப்பர் என்பதற்கு உறுதியில்லை.

இதற்கு மருந்தும் கணிப்பொறியிலேயே உண்டு. எல்லா உள்ளீடுகளையும் தனித்தனியே பதிவுசெய்யும் வசதி விமிக்சின் உயர்வகைகளில் உள்ளது. பிளாக்மேஜிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட, கையடக்கமான ஒரு மிக்சரும் அதனைச் செய்கிறது. எந்தக் கணத்தில் எதற்கு மாறினர் என்ற குறிப்பையும் கோப்பாகச் சேமிக்கிறது. பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புக்கு இதனினும் நெருங்கிய ஒன்றைக் கூறல் அரிது. தடை செலவே. நொடிக்கு 50 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு கேமராவின் ஒரு மணி நேரம் 22.5 ஜிகாபைட், நான்கு கேமராக்கள் நான்கு மணி நேரம் ஓடினால் 360. மண்டபத்திலிருந்து திரும்பும் படப்பிடிப்பாளர் வீட்டார்க்கு உரியதை மட்டும் படியெடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்திற்காக வட்டைக் காலி செய்கிறார்.